தொலைவிலிருந்து படித்தவர்கள் – 7: பினாங்கில் கூடிய திறந்த அவை

ஆயர் ஈத்தாம் ஆறும் ஆயர் தெர்ஜூன் ஆறும் கூடிச் சுங்கை பினாங் ஆகின்றன. அந்த ஆற்றுக்கு வடக்கே, பழையவர்கள் இன்னும் நார்தாம் ரோடு என்றே சொல்லும் ஜாலான் சுல்தான் அகமது ஷாவில், வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தெற்கே குளுகோரில், மிண்டன் குன்றின்மேல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். நம் பேச்சில் யு.எஸ்.எம். வகுப்புக்கு வரமுடியாத மாணவனுக்குப் பாடம் எப்படிப் போய்ச்சேரும் என்ற கேள்விக்கு இந்த நாடு கண்ட விடைகளில் முக்கியமான சில, இவ்விரண்டு வளாகங்களிலும்தான் பிறந்தன. அந்த விடைகளைத் தேடி ஆசியாவின் பல மூலைகளிலிருந்தும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் பினாங்குக்கு வந்து கூடிய ஆண்டுகள் உண்டு. இந்தப் பகுதி அந்தக் கூட்டங்களைப் பற்றியது. அவற்றுக்குப் பக்கத்திலேயே தனியாக ஓடிய இன்னொரு கூட்டத்தைப் பற்றியதும்கூட: கணினியில் தமிழை ஏற்றப் பாடுபட்டவர்களின் கூட்டம்.

முதலில் 1971. பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் 1969-ல் தொடங்கி, குளுகோரில் ஆசிரியர் கல்லூரிக் கட்டடத்தில் ஒண்டியிருந்த நிறுவனம், அந்த ஆண்டுதான் பிரிட்டிஷ் படை விட்டுப்போன மிண்டன் முகாமுக்குக் குடிபெயர்ந்தது. பிறந்து இரண்டே ஆண்டு ஆன அந்தப் பல்கலைக்கழகம் அதே 1971-ல் வெளிவளாகப் படிப்பையும் தொடங்கிவிட்டது. மலேசியாவில் அதற்கு முன்மாதிரி இல்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டதும் அதே 1971 ஜனவரியில்தான் என்பதை நினைத்தால், மிண்டன் குன்றில் இருந்தவர்களின் துணிச்சல் புரியும். பிறர் செய்து காட்டட்டும், நாம் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

படித்தவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்: பள்ளி ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள். தபாலில் ஒரு தடித்த உறை வரும். உள்ளே அச்சிட்ட பாடத்தொகுதி, சில பாடங்களுக்கு ஒலிநாடா. வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு நாடாவை ஓடவிட்டு, புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னோக்கிச் சுழற்றி மறுபடி கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மூன்று வாரம் பினாங்குக்கு வந்து தீவிர வகுப்பில் உட்காருவார்கள். அந்த மூன்று வாரத்தில் மட்டும்தான் கையைத் தூக்கிக் கேள்வி கேட்க முடிந்தது. பின்னாளில் தொலைபேசி இணைப்பு வழியே வட்டார மையங்களுக்கு விரிவுரை போனது. 1990-களில் காணொளிக் கலந்துரையாடல் வந்தது. கருவிகள் மாறின. பாடத்தைத் தனியாகப் படித்துவிடலாம், ஆனால் படித்ததைப் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்ற தேவை மட்டும் மாறவில்லை. அந்த மூன்று வாரத்தின் அருமையை அறிந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இணையவழிக் கல்வியாளர் குழுக்கள் எதற்காக என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

யு.எஸ்.எம்.மில் உயிரியல் கற்பித்து, பிறகு தொலைநிலைக் கல்வியையே வாழ்நாள் வேலையாக ஆக்கிக்கொண்டவர் டான்ஸ்ரீ கஜராஜ் தனராஜன். 1989-ல் ஹாங்காங்கில் திறந்தநிலைக் கல்வி நிறுவனம் தொடங்கியபோது அங்கே போனார். பின்னர் அதன் இயக்குநரும் ஆனார். 1995 முதல் 2004 வரை, அப்போது கனடாவின் வான்கூவரில் இருந்த காமன்வெல்த் கற்றல் அமைப்பின் தலைவர். காமன்வெல்த் நாடுகளில் பள்ளிக்கூடமும் கல்லூரியும் எட்டாத இடங்களுக்குக் கல்வியைக் கொண்டுபோவதற்கென்றே உருவான அமைப்பு அது. அவர் தலைமையில் இருந்தபோதுதான் 1999-ல், புருணையில், காமன்வெல்த் திறந்தநிலைக் கல்வி மன்றம் முதன்முதலாகக் கூடியது. அடுத்தது 2002-ல் டர்பன், அதற்கடுத்தது 2004-ல் டுனெடின் என்று அது தொடர்ந்தது. பசிபிக் தீவு ஒன்றில் வானொலிவழிப் பாடம் நடத்துபவரும், ஆப்பிரிக்காவில் தபால்வழிப் பாடம் எழுதுபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கு உலகில் அதற்கு முன் அதிகம் இடம் இருக்கவில்லை.

தமிழ் எங்கே இருந்தது? அதே ஆண்டுகளில் வேறு ஊர்களில் கூடிக்கொண்டிருந்தது.

1995 அக்டோபரில் சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் ஒரு கவிதைத் தொகுப்பின் இணையதளத்தைத் தொடங்கிவைத்தார். சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளும் அதில் இருந்தன. இணையத்தில் தமிழ் எழுத்து ஏறிய முதல் இடங்களில் ஒன்று அது. அதற்காக உழைத்தவர் நா. கோவிந்தசாமி. எழுத்தாளர்; சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களுக்கு ஆசிரியர். 1997 மே மாதம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியதற்கும் அவரே முதற்காரணம். கணினியில் தமிழ் எழுதக் கிடைத்த கருவிகள் அப்போது ஏராளம். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை, கோவிந்தசாமியின் கணியன். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குறிமுறை. ஒருவர் அனுப்பிய கட்டுரையை அதே எழுத்துரு இல்லாத இன்னொருவர் திறந்தால், திரையில் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். பலர் சலித்துப்போய் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினார்கள். இணையம் வழியாகத் தமிழ்க் கல்வி என்று அந்த நிலையில் எவ்வளவு பேசினாலும், ஒரு பக்கப் பாடத்தைக்கூட எல்லோருக்கும் பொதுவாக அனுப்ப வழியில்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99-ஐ நான் மதிப்பது இதனால்தான். அங்கே ஒரு பொது விசைப்பலகை உருவாயிற்று: தமிழ் 99. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ‘க’ விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் எழுத்து தானாகவே புள்ளி பெற்று ‘க்க’ ஆகிவிடும். ‘ங’ தட்டிக் ‘க’ தட்டினால் ‘ங்க’. தமிழில் எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்று அறிந்தவர்கள் உட்கார்ந்து யோசித்தது என்பதை விரல்களே சொல்லும். மாநாடு என்றால் வரவேற்புரை, பொன்னாடை, மலர் வெளியீடு எல்லாம் இருக்கும். அவை அந்தந்த நாளோடு முடியும். அந்த விசைப்பலகை இன்றைக்கும் கைபேசியில் இருக்கிறது. கோவிந்தசாமியோ அதே ஆண்டு மே மாதம் காலமாகிவிட்டார். அந்த விசைப்பலகை பரவுவதைக் காணாமலே அவர் போய்விட்டார்; அதைத்தான் நாம் தினமும் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

குறிமுறைச் சிக்கல் அவ்வளவு சீக்கிரம் தீரவில்லை. 1999-ல் சென்னை இரண்டு குறிமுறைகளை ஏற்றது. யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது 2010-ல், கோவைச் செம்மொழி மாநாட்டு வேளையில்தான். ஒரு தலைமுறை ஆய்வேடுகள், கட்டுரைகள், பாடக்குறிப்புகள் அந்த இடைவெளியில் பழைய எழுத்துருக்களில் மாட்டிக்கொண்டன. அவற்றில் எத்தனையோ இன்று திறக்க முடியாமல் கிடப்பதை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சிங்கப்பூரில் 2000 ஜூலையில் கூடிய மாநாட்டில் உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. மு. ஆனந்தகிருஷ்ணன் தலைவர், சிங்கப்பூரின் அருண் மகிழ்நன் செயல் இயக்குநர். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. 1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகள் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கூட்டிய அதே ஊர். அடிகளுக்கு அன்று பல நாட்டு ஆய்வாளர்களை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவரக் கப்பலும் விமானமும் தேவைப்பட்டன. 2001-ல் வந்தவர்களில் பலர் நேரில் சந்திக்கும் முன்பே ஆண்டுக்கணக்கில் மின்னஞ்சலில் விவாதித்துப் பழகியவர்கள்.

பினாங்குக்காரர்களுக்கு இந்த 2001 மாநாட்டில் ஒரு சொந்தப் பெருமை உண்டு. பினாங்கில் பிறந்து ஜெர்மனியில் வாழும் க. சுபாஷிணி, நா. கண்ணனோடு சேர்ந்து தமிழ் மரபு அறக்கட்டளையைத் தொடங்கியது அப்போதுதான். ஓலைச்சுவடிகளையும் அச்சில் இல்லாத பழைய நூல்களையும் மின்வடிவாக்கி எவரும் படிக்கத் தருவது அதன் முதல் வேலை. ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்து, பேட்டி கண்டு, ஒலிப்பதிவு செய்து சேர்த்த செல்வம் இன்று பெரிது. பல்கலைக்கழகத் துறை எதன் கீழும் வராத, சம்பளம் வாங்காத ஆர்வலர்களால் ஒரு கல்விச் சமூகம் இருபது ஆண்டுக்கு மேல் நிற்க முடியும் என்பதை அது காட்டியிருக்கிறது.

யு.எஸ்.எம்.மிலும் ஒரு தமிழ்ப் பேராசிரியர் ஊடகத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தார்: ரெ. கார்த்திகேசு. கெடா மாநிலம் பீடோங்கில் 1940-ல் பிறந்தவர். ஒலிபரப்புத் துறையில் பணியாற்றிவிட்டு, மிண்டன் குன்றில் மக்கள் தொடர்பியல் ஆசிரியரானவர். ‘வானத்து வேலிகள்’, ‘அந்திம காலம்’ நாவல்களால் அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய அந்த முகம் அவ்வளவாகத் தெரியாது. ஊடகத்தால் மக்கள் என்ன ஆகிறார்கள் என்று ஆங்கிலத்திலும் மலாயிலும் வகுப்பில் பேசியவர், அதே மக்களைப் பற்றி வீட்டுக்கு வந்து தமிழில் கதை எழுதினார். அவர் 2016 அக்டோபரில் மறைந்தார்.

இப்படித் திறந்தநிலைக் கல்விக்காரர்கள் ஒருபுறமும் தமிழ்க் கணிமைக்காரர்கள் மறுபுறமும் தத்தம் வழியில் போய்க்கொண்டிருந்தபோது, இரண்டையும் தன் ஒரு வாழ்க்கையில் இணைத்தவர் வா.செ. குழந்தைசாமி. நீரியல் பொறியாளர், அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1990 முதல் 1994 வரை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். தொலைவில் இருக்கும் மாணவனுக்குப் பாடம் எழுதுவதும் தேர்வு நடத்துவதும் எப்படி என்று டில்லியில் கற்றதை அவர் தமிழுக்குக் கொண்டுவந்தார். தமிழ்நெட் 99 மேடையில் அறிவிக்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரி 17-ல் தொடங்கியபோது அதற்குத் தலைமையேற்றவர் அவரே. தமிழ் கற்பிக்கும் பள்ளி அருகில் இல்லாத நாடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு மழலைப் பாடத்தில் தொடங்கிப் பட்டம் வரை. கூடவே சங்க இலக்கியம் முதல் அகராதிகள் வரை கொண்ட மின்நூலகம். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் அது நடக்கிறது. மலேசியாவில் தமிழாசிரியர்கள் பலர் பாடம் தயாரிக்கும்போது அந்த மின்நூலகத்தைத்தான் முதலில் திறக்கிறார்கள்.

இனி பினாங்குக்குத் திரும்புவோம். 2006-ல் உருவான வாவாசான் பல்கலைக்கழகம் 2007 ஜனவரியில் வகுப்புகளைத் தொடங்கியது. யீப் சோர் ஈ குடும்பத்தின் ஹோம்ஸ்டெட் மாளிகை அதன் முகம். முதல் துணைவேந்தராக வந்தவர் தனராஜன். உலகமெல்லாம் சுற்றிவிட்டு, தான் ஆசிரியராக இருந்த தீவுக்கே திரும்பி, வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புபவர்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகத்தை அடியிலிருந்து கட்டினார்.

2011 செப்டம்பர் இறுதியில் ஆசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தன் 25-ஆவது ஆண்டு மாநாட்டைப் பினாங்கில் நடத்தியது; வாவாசான் ஏற்று நடத்தியது. 1987-ல் பிறந்த சங்கம் அது. மறு ஆண்டு, 2012 செப்டம்பர் 19 முதல் 21 வரை, திறந்தநிலைக் கல்வி வளங்கள் பற்றிய வட்டாரக் கருத்தரங்கு இங்கேயே நடந்தது. இரண்டாவது கருத்தரங்கு 2014 ஜூன் 24 முதல் 27 வரை, மறுபடியும் பினாங்கில். இந்த மூன்றில் நான் அதிகம் நின்று பேச விரும்புவது 2012.

திறந்தநிலைக் கல்வி வளம் என்றால் இலவசப் பாடம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இலவசம் அதில் சிறு பகுதி. கனடாவில் ஒருவர் புள்ளியியல் பாடம் ஒன்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உதாரணமெல்லாம் பனிப்பொழிவு. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவுவேலை பார்த்துவிட்டு வந்து படிக்கும் மாணவருக்கு அந்த எண்கள் மனத்தில் ஒட்டாது. சாதாரணப் பதிப்புரிமை இருந்தால், பினாங்கு ஆசிரியர் அதைப் படிக்கலாம், மாற்ற முடியாது. திறந்த உரிமம் இருந்தால் பனியை எடுத்துவிட்டு பாயான் லெப்பாஸ் மழையளவைப் போடலாம். இரண்டு அத்தியாயத்தை ஒன்றாக்கலாம். தமிழிலோ மலாயிலோ பெயர்க்கலாம். மூல ஆசிரியர் பெயரைச் சொன்னால் போதும், கடிதம் எழுதி அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். ஏழை நாடுகளின் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களுக்கு இது உயிர்ப்பிரச்சினை. நேரடி வகுப்பில் ஆசிரியர் சொல்லால் சரிக்கட்டிவிடும் குறையைத் தொலைநிலையில் பாடமே சரிக்கட்ட வேண்டும். அப்படி ஒரு பாடத்தொகுதியைப் புதிதாக எழுதப் பெரும் பணமும் காலமும் பிடிக்கும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அதே பாடத்தைத் தனித்தனியே எழுதிக்கொண்டிருப்பது எவ்வளவு வீண்!

இந்த எண்ணம் வளர்ந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2001-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை இணையத்தில் திறந்துவிடப் போவதாக அறிவித்தது. 2002 ஜூலையில் யுனெஸ்கோ கூட்டம் ஒன்றில் இத்தகைய பாடங்களுக்குப் பொதுப்பெயர் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் எனப்படும் படைப்பாக்கப் பொதுமங்களின் முதல் திறந்த உரிமங்கள் வெளியாயின. பத்தாண்டு கழித்து, 2012 ஜூனில், பாரிஸில் கூடியவர்கள் அரசுப் பணத்தில் உருவாகும் பாடங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிடுமாறு அரசுகளைக் கேட்டுக்கொண்டார்கள். அது நடந்து மூன்றே மாதத்தில் பினாங்கு கூடியது. பாரிஸ் பேசியது உலகப் பொதுவில். பினாங்கில் எழுந்தவை ஆசிய ஆசிரியரின் கேள்விகள்: நான் எழுதிய பாடம் என் பதவி உயர்வுக்குக் கணக்கில் வருமா? இணைய வேகம் குறைந்த ஊருக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது? கிடைக்கும் வளமெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தால் என்ன செய்வது?

கடைசிக் கேள்விதான் தமிழருக்கு உரியது. உத்தமத்தின் தமிழ் இணைய மாநாடு 2013 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடியபோது கைபேசியிலும் பலகைக் கணினியிலும் தமிழ் எப்படி இயங்கும் என்பதே பெரும்பேச்சு. எழுத்தை ஏற்றுவதில் வென்றுவிட்டவர்கள் அவர்கள். அந்த எழுத்தில் எந்தப் பாடத்தை ஏற்றுவது என்பதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் யோசித்தவர்கள் வடக்கே பினாங்கில் கூடிக் கலைந்திருந்தார்கள். சிங்கப்பூர், சென்னை, கலிஃபோர்னியா, கொலோன், பிலடெல்பியா, சிதம்பரம், புதுச்சேரி, திண்டுக்கல், டொராண்டோ என்று 2019 வரை தமிழ் இணைய மாநாடு போகாத திசையில்லை, பினாங்குக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். குழந்தைசாமி தனியொருவராக இணைத்ததை இரண்டு கூட்டங்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்து இணைத்திருந்தால், தமிழில் உயர்கல்விப் பாடங்கள் இன்று வேறு நிலையில் இருந்திருக்கும்.

திறந்த உரிமத்தின் ஒழுங்கு தமிழருக்குப் புதிதும் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், முகம் பார்த்திராத தன்னார்வலர்கள் நாடு நாடாக உட்கார்ந்து பழைய இலக்கியத்தைத் தட்டச்சு செய்து, ஒருவர் செய்ததை மற்றவர் மெய்ப்புப் பார்த்தார்கள். 2003-ல் தொடங்கித் தமிழ் விக்கிப்பீடியாவை இ. மயூரநாதனும் அவரைப் பின்தொடர்ந்தவர்களும் வளர்த்தார்கள். ஒருவர் எழுதிய பத்தியை இன்னொருவர் திருத்துவதை அங்கே யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. இலங்கையில் நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கித் திறந்துவைத்திருக்கிறது. பெரும்பாலும் பேராசிரியர் பட்டம் இல்லாதவர்கள் நடத்திக்காட்டிய கல்விச் சமூகங்கள் இவை.

பினாங்குக் கருத்தரங்கைத் தொடர்ந்து 2013-ல் தனராஜனும் டேவிட் போர்ட்டரும் பதிப்பித்த நூல் ஒன்று, திறந்தநிலைக் கல்வி வளங்களை ஆசியப் பார்வையில் ஆராய்வது, காமன்வெல்த் கற்றல் அமைப்பின் வெளியீடாக வந்தது. இந்தியா, மலேசியா, சீனா, பிலிப்பைன்ஸ் எனப் பல நாட்டு அனுபவங்கள் அதில் உள்ளன. எவரும் காசில்லாமல் தரவிறக்கிக்கொள்ளலாம். மலேசியத் தமிழாசிரியர் குழு ஒன்று அதிலிருந்து நமக்குப் பொருந்தும் நாலைந்து கட்டுரைகளை எடுத்து, தமிழாக்கி, நம் பள்ளி அனுபவங்களைச் சேர்த்து வெளியிட்டால் பயிற்சிக் கல்லூரிகளில் நேரடியாகப் பயன்படும். ஆசியாவில் இந்தச் சிந்தனை வளர்ந்த விதத்தைத் தெரிந்துகொள்ள அது ஒரு நல்ல வாசல்.

அப்படிப்பட்ட தயாரிப்பு கையில் இல்லாமலேயே நம் பள்ளிகள் 2020 மார்ச் 18-ஐச் சந்தித்தன. நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் தொடங்கி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஒரே வாரத்தில் புலனத்தில் (வாட்ஸ்அப்) பாடம் நடத்தக் கற்றுக்கொண்டார்கள். அந்த மாதங்களை அடுத்த பகுதியில் பார்ப்போம்.